மறதி நோய் மாத்திரை என்ன செய்கிறது?

என் மருந்துக்கடைக்கு டொனெபெசில் வாங்கப் பெரும்பாலும் மகளோ மருமகளோதான் வருவார்கள். "அண்ணே, இதைக் குடுத்தா அம்மாவுக்குப் பழைய ஞாபகம் திரும்பிருமா?" என்று கேட்பார்கள். திரும்பாது என்று மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

மூளையின் நரம்பு செல்கள் சேதி கடத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று அசிட்டைல்கோலின். ஆல்சைமர் நோயில் அதைச் சுரக்கும் செல்கள் அழிந்துகொண்டே போகின்றன. சுரக்கிற கொஞ்சத்தையும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி உடனுக்குடன் சிதைத்துவிடும். டொனெபெசில் அந்த நொதியைத் தடுப்பதால், இருப்பது சற்றுக் கூடுதல் நேரம் தங்கும். நோய் நிற்காது, சிலருக்கு நினைவும் அன்றாடக் காரியங்களும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும்.

இந்த நொதியின் வடிவத்தை 1991இல் வெளியிட்டவர்கள் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜோயல் சஸ்மன், இஸ்ரேல் சில்மன் குழுவினர். மின்திருக்கை மீனின் மின்னுறுப்பில் இது ஏராளம். அதைப் பிரித்தெடுத்துப் படிகமாக்கி, எக்ஸ் கதிர் செலுத்தி, அணுக்கள் இருக்கும் இடங்களைக் கணித்தார்கள். நொதிக்குள் கிணறு போல ஓர் ஆழமான குறுகிய குழி இருந்தது. ஆழம் 20 ஆங்ஸ்ட்ராம். ஒரு மில்லிமீட்டரில் 5 லட்சத்தில் ஒரு பங்கு. அசிட்டைல்கோலின் அதன் அடிக்குப் போய்த்தான் சிதைகிறது.

ஜப்பானின் எய்சாய் நிறுவனத்தில் ஹச்சிரோ சுகிமோட்டோ குழுவினர் டொனெபெசிலை உருவாக்கியது இந்த வடிவம் தெரிவதற்கு முன்பே. மூலக்கூறை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தே அதை எட்டினார்கள். மருந்தும் நொதியும் சேர்ந்த படம் 1999இல் வந்தது. மருந்தின் ஒரு முனை குழியின் அடியிலும் மறுமுனை வாயருகிலும் பற்றி, நீளவாக்கில் அடைத்துக்கொண்டிருந்தது! இரு முனைகளையும் இன்னும் இறுகப் பற்றும் மூலக்கூறுகளைத் திட்டமிட்டு வரைய அந்தப் படம் உதவியது.

வடிவம் தெரிந்துவிட்டால் நோயை வென்றுவிடலாமா? ஆல்சைமர் நோயாளிகளின் மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிவதற்குக் காரணமான பேஸ்1 என்ற நொதியின் வடிவம் 2000இல் வெளியானது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஜோர்டன் டாங் குழுவினரின் சாதனை அது. அதன் பிறகு பல நிறுவனங்கள் அதற்கேற்ற தடுப்பான்களை வடிவமைத்தன. அவற்றில் ஒன்றான மெர்க் நிறுவனத்தின் வெருபெசெஸ்டாட் மூளைத் தண்டுவடத் திரவத்தில் அமிலாய்டை 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைத்தது. நினைவாற்றல் சரிவதை மட்டும் அதனால் தடுக்க முடியவில்லை. 2017இல் நோயாளிகளிடம் நடந்த அந்த மருந்தின் சோதனையை நிறுத்தினார்கள். நோயின் தொடக்க நிலையில் இருந்தவர்களிடம் நடத்திய இன்னொரு சோதனையும் கைவிடப்பட்டது. எனக்கு மிகவும் வருத்தம் தந்த செய்தி அது. நொதியை அடைப்பது ஒரு வேலை. எந்த நொதியை, நோயின் எந்தக் கட்டத்தில், எந்த அளவு அடைப்பது என்பது அதைவிடக் கடினமான வேலை.

வீட்டில் டொனெபெசில் கொடுப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: பலன் தெரியவில்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மயக்கம் வந்தாலோ நாடித்துடிப்பு குறைந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரை அடக்க முடியாததற்குத் தரும் சில மாத்திரைகள் அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுப்பவை; அவை டொனெபெசிலின் பலனைக் கெடுக்கும். அதனால் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்துச் சீட்டுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.