37,974 வாக்குகள், 15 இடங்கள்

ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலில் தேர்தல் பாடம் தொடங்கியதும் வரும் முதல் கேள்வி, "டீச்சர், நிறைய ஓட்டு வாங்குற கட்சிதானே ஆட்சிக்கு வரும்?" என்பது. இதற்கு ஆம் என்று சொன்னாலும் சரியாகாது, இல்லை என்று சொன்னாலும் சரியாகாது. பாடநூலில் உள்ள விளக்கம் சரியானதுதான். ஆனால் எண்கள் இல்லாமல் அது பிள்ளைகளின் மனத்தில் நிற்பதில்லை. அதனால் இமாச்சலப் பிரதேசத்தில் 2022ஆம் ஆண்டு நடந்த சட்டமன்றத் தேர்தலைக் கணக்காக எடுத்துக்கொண்டு நடத்துகிறேன். மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நம் மாநிலத் தேர்தலையே எடுக்கலாமே என்று கேட்கலாம். நம் ஊர்க் கட்சிகளின் பெயரைக் கரும்பலகையில் எழுதிய மறுநிமிடம் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். அப்பா எந்தக் கட்சி, மாமா எந்தக் கட்சி என்ற பேச்சு வந்தால் கணக்கு காணாமல் போகும். தொலைவில் உள்ள ஒரு மலை மாநிலம் என்றால் அந்தச் சிக்கல் இல்லை. அங்கேகூட நான் கட்சிப் பெயர்களை எழுதுவதில்லை. 'அ', 'ஆ' என்றே எழுதுகிறேன். பெயர்களை மணி அடிக்கும் நேரத்தில் சொன்னால் போதும்.

முதலில் இடத்தைப் பிள்ளைகள் கண்முன் கொண்டுவர வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இமாச்சலத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேர் கிராமத்தில் வாழ்கிறார்கள். நாட்டின் மாநிலங்களில் நகரவாசிகளின் பங்கு மிகக் குறைவாக இருப்பது அங்கேதான். 2022 தேர்தலுக்காக அமைக்கப்பட்ட 7,881 வாக்குச்சாவடிகளில் நகரங்களில் இருந்தவை 646 மட்டுமே. ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் 15,256 அடி உயரத்தில் உள்ள தாஷிகாங் என்ற சிற்றூரிலும் ஒரு சாவடி இருந்தது. உலகிலேயே மிக உயரமான வாக்குச்சாவடி என்று அதைச் சொல்கிறார்கள். அங்கே வாக்காளர்கள் 52 பேர்தான். நம் வகுப்பறை ஒன்றில் உட்காரும் அளவு. நவம்பர் 12 அன்று வாக்குப்பதிவு, டிசம்பர் 8 அன்று எண்ணிக்கை. மொத்தம் 68 தொகுதிகள்.

பேசப்பட்ட பிரச்சினைகளும் கிராமத்தைச் சுற்றியவைதான். ஆப்பிள் அடைக்கும் அட்டைப்பெட்டிக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது, விவசாயிகளைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அரசு ஊழியர் குடும்பங்கள் நிறைந்த மாநிலம் என்பதால் பழைய ஓய்வூதியத் திட்டம் மேடைதோறும் ஒலித்தது. இதை நமக்கு விளக்கத் தேவையில்லை! 1985க்குப் பிறகு ஆளும் கட்சி அங்கே அடுத்தடுத்து இருமுறை வென்றதில்லை என்பதையும் சொல்லிவிட்டு முடிவுக்குப் போய்விடலாம்.

இனி எண்கள். 'அ' கட்சி பெற்றது 18,52,504 வாக்குகள், 43.90 சதவீதம். 'ஆ' கட்சி பெற்றது 18,14,530 வாக்குகள், 43.00 சதவீதம். கழித்தால் வருவது 37,974. ஒரு சதவீதம்கூட இல்லை. இடங்கள் எத்தனை என்று ஊகிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் 34க்கு 34, அல்லது 35க்கு 33 என்பார்கள். உண்மையில் 'அ' 40 இடங்களிலும் 'ஆ' 25 இடங்களிலும் வென்றன. சுயேச்சைகள் மூவர். 43.9 சதவீத வாக்குக்கு ஏறக்குறைய 59 சதவீத இடம், 43 சதவீத வாக்குக்கு 37 சதவீதத்துக்கும் குறைவான இடம். வாக்கை இடத்தால் வகுக்கச் சொன்னால் இன்னும் தெளிவாகும். 'அ' கட்சிக்கு ஓர் இடத்துக்குச் சுமார் 46,300 வாக்கு போதுமானதாக இருந்தது. 'ஆ' கட்சிக்கு ஓர் இடத்துக்குச் சுமார் 72,600 வாக்கு தேவைப்பட்டது.

"அப்போ ஏமாத்திட்டாங்களா டீச்சர்?" என்று உடனே கேட்பார்கள். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. விடை செராஜ் என்ற ஒரே தொகுதியில் இருக்கிறது.

செராஜ், மண்டி மாவட்டத்தில் உள்ளது. அப்போதைய முதலமைச்சர் ஜெய்ராம் தாக்கூர் அங்கே போட்டியிட்டார். அவருக்கு 53,562 வாக்குகள், அடுத்து வந்தவருக்கு 15,379. வித்தியாசம் 38,183. இந்த எண்ணைக் கரும்பலகையில் 37,974க்கு நேர்கீழே எழுதிவிட்டுச் சற்று அமைதியாக இருங்கள். யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும். மாநிலம் முழுவதும் இரு கட்சிகளுக்கும் இடையே இருந்த வித்தியாசத்தைவிட, ஒரே தொகுதியில் கிடைத்த முன்னிலை அதிகம்.

அடுத்த கேள்வி: செராஜில் இன்னும் 38,000 பேர் கூடுதலாக வந்து அதே வேட்பாளருக்கு வாக்களித்திருந்தால்? மாநில மொத்தத்தில் 'ஆ' கட்சி 26 வாக்கு முந்தியிருக்கும். ஆனால் அதன் இடங்கள் 25 என்பதில் மாற்றம் இருக்காது. ஏற்கெனவே வென்ற தொகுதியில் வந்து விழும் வாக்கு அடுத்த தொகுதிக்கு நடந்து போகாது. செராஜ் உள்ள மண்டி மாவட்டத்தின் 10 தொகுதிகளில் 9 'ஆ' கட்சிக்கே கிடைத்தன. 15 தொகுதிகள் கொண்ட காங்ரா மாவட்டத்தில் 10 'அ' கட்சிக்குப் போயின. சிம்லா மாவட்டத்தில் 8க்கு 7. ஹமிர்பூர் மாவட்டத்தின் 5 தொகுதிகளில் 'ஆ' கட்சிக்கு ஒன்றுகூட இல்லை. வாக்கு எவ்வளவு என்பதோடு, எங்கே விழுந்தது என்பதும் முடிவு செய்கிறது.

இதை ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் புரியவைக்க முடியும். ஐந்து சிரட்டைகள், கொஞ்சம் புளியங்கொட்டை, கொஞ்சம் வேப்பங்கொட்டை இருந்தால் போதும். ஒவ்வொரு சிரட்டையும் ஒரு தொகுதி, ஒவ்வொன்றிலும் 20 கொட்டைகள். முதல் மூன்று சிரட்டைகளில் புளியங்கொட்டை 11, வேப்பங்கொட்டை 9. கடைசி இரண்டில் புளியங்கொட்டை 2, வேப்பங்கொட்டை 18. கொட்டிக் கூட்டினால் புளியங்கொட்டை 37, வேப்பங்கொட்டை 63. சிரட்டைகளை எண்ணினால் புளி 3, வேம்பு 2. பிள்ளைகள் ஒருமுறை கையால் எண்ணிவிட்டால் பிறகு விளக்கவே வேண்டாம். 37ஐவிடக் குறைந்த கொட்டையில் மூன்று சிரட்டைகளை வெல்ல முடியுமா என்று அவர்களே முயன்று பார்ப்பார்கள். முடியும், 33 போதும்.

குறைந்த வாக்கு பெற்ற கட்சி அதிக இடம் பெறுவது சிரட்டையில் மட்டும் நடப்பதில்லை. 2018இல் மத்தியப் பிரதேசத்தின் 230 தொகுதிகளில் காங்கிரஸ் 114 இடங்களையும் பாரதிய ஜனதா கட்சி 109 இடங்களையும் பெற்றன. வாக்குச் சதவீதத்திலோ பாரதிய ஜனதா கட்சி 41.0, காங்கிரஸ் 40.9. ஆகவே இம்முறை ஒரு கட்சிக்கென்று சாதகமாக அமைந்ததல்ல. ஒருமுறை ஒருவருக்கு உதவும், மறுமுறை வேறொருவருக்கு. இமாச்சலக் கணக்கில் 'அ' காங்கிரஸ், 'ஆ' பாரதிய ஜனதா கட்சி என்பதையும் இப்போது சொல்லிவிடலாம். விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் என்ற சொல்லைப் பாடநூலில் வாசிக்க இதுவே நல்ல தருணம். இரண்டில் எது சிறந்தது என்று நான் தீர்ப்புச் சொல்வதில்லை. விவாதத்துக்கு விட்டுவிடுகிறேன்.

இப்போது எதிர்முனைக்கு வருவோம். ஹமிர்பூர் மாவட்டத்தில் போரஞ்ச் என்று ஒரு தொகுதி. வெற்றி வித்தியாசம் 60 வாக்குகள். ஸ்ரீ நைனா தேவிஜி தொகுதியில் 171, பிலாஸ்பூரில் 276. முதல் தொகுதி காங்கிரசுக்கும் மற்ற இரண்டும் பாரதிய ஜனதாவுக்கும் கிடைத்தன. 7,881 சாவடிகளை 68 தொகுதிகளுக்குச் சராசரியாகப் பிரித்தால் தொகுதிக்கு 116 சாவடிகள் வரும். அந்தச் சராசரியில், 60 வாக்கு என்பது சாவடிக்கு அரை வாக்கு. 30 பேர் மட்டும் மனம் மாறி அடுத்தவருக்கு வாக்களித்திருந்தால் சமநிலை, 31 பேர் மாறியிருந்தால் முடிவே தலைகீழ். 60 வித்தியாசத்துக்கு 31 பேர் எப்படிப் போதும் என்பதைப் பிள்ளைகளே யோசிக்கட்டும். எட்டாம் வகுப்பு இயற்கணிதத்துக்கு இதைவிட நல்ல வாக்கியக் கணக்கு கிடைக்காது.

சமமாக வந்தால் என்ன என்ற கேள்வியும் வரும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 65ஆம் பிரிவின்படி சீட்டுக் குலுக்க வேண்டும். யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஒரு வாக்கு கூடுதலாகக் கிடைத்ததாகக் கொள்ளப்படும். இதே இமாச்சலத்தில் 2024 பிப்ரவரி 27 அன்று மாநிலங்களவைத் தேர்தல் நடந்தபோது ஆளும் கட்சியின் 40 பேரில் 6 பேர் மாற்றி வாக்களித்தார்கள். எதிர்க்கட்சியின் 25, அந்த 6, சுயேச்சைகள் 3, ஆக 34. ஆளும் கட்சிக்கும் 34. சீட்டுக் குலுக்கினார்கள். மாநிலங்களவைத் தேர்தல் விதியில் குலுக்கி எடுத்த பெயருக்கு உரியவர் விலக்கப்படுவார் என்று கொண்டு, பெயர் வந்தவரான அபிஷேக் சிங்வி தோற்றதாக அறிவிக்கப்பட்டார். ஹர்ஷ் மகாஜன் வென்றார். பெயர் வந்தவர் தோற்பதா என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். சிங்வியும் அதைக் கேட்டுத்தான் நீதிமன்றம் போனார்.

60 வாக்கு என்ற எண்ணை நாம் இன்னொரு கோணத்திலும் பார்க்க வேண்டியிருக்கிறது. வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் நாம்தானே. காலையில் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி வாக்குகளைப் பதிவு செய்கிறோம். அவற்றை அழிக்காமல் உண்மையான வாக்குப்பதிவைத் தொடங்கிவிட்டால், அந்த ஒரே இயந்திரத்தில் 50 வாக்குகள் கூடுதலாக இருக்கும். வித்தியாசம் 38,183 ஆக இருக்கும் தொகுதியில் அது முடிவைத் தொடாது. 60 ஆக இருக்கும் தொகுதியில் எண்ணும் மேசையே நின்றுபோகும். படிவம் 17சியில் நாம் எழுதும் மொத்தமும் இயந்திரம் காட்டும் மொத்தமும் ஒத்துப்போகிறதா என்று எண்ணிக்கை நாளில் பார்ப்பதும் இதற்காகத்தான். முதல்நாள் இரவு தூங்காமல், மாலையில் கை நடுங்க எழுதும் படிவம் அது என்பது எனக்கும் தெரியும்.

தபால் வாக்கும் அப்படியே. தமிழ்நாட்டில் 2016இல் ராதாபுரம் தொகுதியின் வெற்றி வித்தியாசம் 49. அங்கே 203 தபால் வாக்குகள் செல்லாதவை என ஒதுக்கப்பட்டிருந்தன. அவற்றில் சான்றொப்பமிட்டவர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர், அவர் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் ஆவாரா என்பதே வழக்கு. உயர் நீதிமன்றம் 2019இல் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. வெற்றி வித்தியாசத்தைவிட நிராகரித்த தபால் வாக்குகள் அதிகம் இருந்தால், முடிவை அறிவிக்கும் முன் அவற்றை மீண்டும் சரிபார்த்தாக வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுரை. தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியர்கள் தங்கள் தபால் வாக்கின் உறுதிமொழிப் படிவத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

இமாச்சலத்தைப் பற்றிச் சொல்லும்போது சியாம் சரண் நேகியைச் சொல்லாமல் விட முடியாது. கின்னோர் மாவட்டத்தின் கல்பா கிராமத்துக்காரர், நம்மைப் போல் பள்ளி ஆசிரியர். நாட்டின் முதல் பொதுத்தேர்தலில், பனி மூடும் முன்பே அப்பகுதியில் வாக்குப்பதிவு நடத்த வேண்டியிருந்ததால், 1951 அக்டோபர் 25 அன்று வாக்களித்தார். சுதந்திர இந்தியாவின் முதல் வாக்காளர் என்று பெயர் பெற்றார். 2022 நவம்பர் 2 அன்று வீட்டிலிருந்தபடி தபால் வாக்கு அளித்தார். நவம்பர் 5 அன்று காலமானார். அப்போது வயது 105. அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னால் பிள்ளைகள் ஆர்வமாக எழுதுகிறார்கள்.

இன்னொரு செய்தியையும் மாணவிகள் கவனிக்க வேண்டும். இத்தேர்தலில் வாக்களித்தவர்களின் விகிதத்தில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். வென்ற 68 பேரில் பெண் ஒருவர் மட்டும், பச்சாத் தொகுதியின் ரீனா காஷ்யப். 'ஏன் டீச்சர்?' என்று கேட்ட ஒரு மாணவிக்கு, கட்சிகள் எத்தனை பெண்களை நிறுத்தின என்று முதலில் கண்டுபிடி என்றேன். அடுத்த நாள் ஒரு தாளோடு வந்தாள். அந்த வாரக் குடிமையியல் வகுப்பை அவளே நடத்தினாள்.

தொகுதிவாரி முடிவுகள் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கின்றன. 68 தொகுதிகளையும் நான்கு குழுக்களுக்கு 17 வீதம் பிரித்துக் கொடுத்து, வித்தியாசம் 1,000க்குக் குறைவு, 1,000 முதல் 5,000, 5,000க்கு மேல் என வகைப்படுத்திப் பட்டை விளக்கப்படம் வரையச் சொல்லலாம். இரண்டு பாடவேளை பிடிக்கும். கணித ஆசிரியரிடம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.