முகம் காணாத வணிகம்

பசறையிலிருந்தும் தெமோதரையிலிருந்தும் தோட்டத் தொழிலாளர் பதுளைக் கடைவீதிக்கு வந்து, அரிசியும் மாவும் பற்றுக்கு வாங்கிச் செல்லும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். கடை முதலாளி கொப்பியில் எழுதிக்கொள்கிறார். சம்பள நாளன்று கணக்குத் தீர்கிறது. அவர் எதை நம்பிக் கடன் கொடுக்கிறார்? வந்தவரின் முகமும், அவர் எந்தத் தோட்டத்து எந்த லயத்தவர் என்பதும் அவருக்குத் தெரியும்.

முகமே தெரியாதவருக்குப் பொருள் விற்பது எங்ஙனம்? இணைய வணிகம் தோன்றியபோது எழுந்த கேள்வி இதுவே. 1994ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் திகதி, அமெரிக்காவில் ஓர் இசைத்தட்டு இணையவழி விற்கப்பட்டது. வாங்கியவரின் கடனட்டை எண், பிறர் படிக்கவியலாத மறைகுறிகளாக மாற்றி அனுப்பப்பட்டது. எண் வழியிற் களவு போகாதிருக்க இவ்வாறு வகை பிறந்தது. ஆயினும், அதனை அனுப்பியவர் அட்டைக்கு உரியவர்தாமா என்ற ஐயம் தீரவில்லை.

விற்பவர் வினவும்போது, அட்டையை வழங்கிய வங்கி அனுமதி அளிக்கிறது. அவ்வனுமதியின் பொருள் யாது? அட்டை செல்லுபடியாகும், அது தொலைந்ததாக முறைப்பாடு இல்லை, கேட்ட தொகைக்கு அதில் இடமுண்டு. இவ்வளவே. பின்னர் உரியவர், “நான் வாங்கவில்லை” என்று முறையிட்டால், தொகை விற்றவரிடமிருந்தே மீட்கப்படும். அட்டையை நேரிற் காட்டிக் கையொப்பமிட்ட விற்பனையில், விதிப்படி நடந்த வணிகரின் நட்டத்தைப் பெரும்பாலும் வங்கியே ஏற்றது. இணையத்திலோ அச்சுமை வணிகர்மேல் விழுந்தது.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஊவாத் தேயிலைப் பொதியொன்றைச் சிறு வணிகர் ஒருவர் 5,000 ரூபாய்க்கு விற்கிறார். இலாபம் 500 ரூபாய். ஒரு பொதி மோசடியிற் போனால் முதல் 4,500 ரூபாய் நட்டம். ஒன்பது நேர்மையான விற்பனைகளின் இலாபம் அதனை ஈடுசெய்வதற்கே சரியாகும்.

இதற்குப் பரிகாரங்கள் படிப்படியாக வந்தன. அட்டையின் பின்புறத்து மூன்று இலக்கங்களைக் கேட்டனர், முகவரியை ஒப்பிட்டனர். 2001ஆம் ஆண்டு விசா நிறுவனம் இரகசியச் சொல் கேட்கும் முறையைக் கொணர்ந்தது. அம்முறைப்படி உறுதியான விற்பனையில் மோசடி நேரின், பொறுப்புப் பெரும்பாலும் அட்டை வழங்கிய வங்கியைச் சேரும். இன்று கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீடு அதன் வழிவந்ததே. இலங்கையிலும் 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் அட்டை மோசடியைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

ஆகவே, இணையத்தில் விற்க முனையும் நம்மவர் ஒன்றை மறத்தலாகாது. அனுமதி கிடைத்தது என்பது பணம் நிலைத்தது என்பதன்று. வழக்கத்துக்கு மாறான பெரிய கட்டளை, அளவிறந்த அவசரம், அட்டைக்கு ஒரு நாடும் பொதிக்கு வேறு நாடுமான முகவரி ஆகியவற்றைக் கண்டால், பொதியைத் தபாலிற் சேர்க்குமுன் ஒருமுறை விசாரியுங்கள். பதுளைக் கடை முதலாளி கொப்பியைத் திறக்குமுன் வந்தவரை நிமிர்ந்து நோக்குவாரன்றோ? அந்நோக்கின் இடத்தை இவ்விசாரணையே நிரப்பவேண்டும்.