பிள்ளைகளின் படிப்பில் பெற்றோரின் பங்கு

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததோடு தம் கடமை தீர்ந்தது என்று எண்ணும் பெற்றோர் கிராமங்களில் அநேகர். பங்குத் தொகையைக் கட்டிவிட்டு, மகாசபைக் கூட்டத்தின் பக்கமே தலைகாட்டாத சங்க அங்கத்தினரைப் போன்றவர் இவர். அங்கத்தினர் எட்டிப் பாராத சங்கத்தின் கதி யாதாகும் என்பதைக் கூட்டுறவாளர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. “நாங்கள் எழுத்தறியாதவர்கள், எல்லாம் வாத்தியார் பார்த்துக்கொள்வார்” என்பதே இத்தகையோர் கூறும் சமாதானம். அஃது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சற்று ஆராய்தல் நலம்.

முதலாவது சட்டம். 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1ஆம் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, அரசாங்கப் பள்ளிதோறும் பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று இருத்தல் வேண்டும். அதன் அங்கத்தினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது காப்பாளர், பாதிப்பேர் பெண்டிர். இது பலர் கேள்விப்பட்டதே. பலர் அறியாதது அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு. பிள்ளை ஒழுங்காக வருகிறதா, எவ்வளவு கற்றிருக்கிறது என்பவற்றைப் பெற்றோரைக் கூட்டித் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்று அப்பிரிவு விதிக்கிறது. ஆதலால், பள்ளிக்குச் சென்று விசாரிக்கும் தாய் தந்தையர் எவருடைய தயவையும் நாடிச் செல்லுகிறவர் அல்லர்.

ஆயினும் குழு அமைத்துக் கூட்டம் போட்டுவிட்டால் பிள்ளைக்குப் படிப்பு வந்துவிடுமோ? இதற்கு விடையளிக்கும் பரீட்சை ஒன்று உத்தரப் பிரதேசத்தின் ஜோன்பூர் ஜில்லாவில் நடைபெற்றது. அதன் முடிவுகள் 2010இல் வெளிவந்தன. அவ்வூர்களில் முன்னமே கல்விக் குழுக்கள் இருந்தன. ஆனால் அப்படி ஒன்று இருப்பதே பெற்றோரில் பெரும்பாலார்க்குத் தெரியாது. குழுவினருள்ளும் சிலர்க்குத் தாம் அதில் அங்கத்தினர் என்பது தெரிந்திருக்கவில்லை! சில ஊர்களில் கூட்டங்கள் கூட்டிக் குழுவின் அதிகாரங்களை விளக்கினார்கள். வேறு சில ஊர்களில் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் முறையையும் ஜனங்களுக்குக் கற்பித்தார்கள். இவ்விரண்டினாலும் பிள்ளைகளின் கல்வி உயரவில்லை. மூன்றாவது வகை ஊர்களில் உள்ளூர் வாலிபர்க்குச் சில நாள் பயிற்சி அளித்து, பள்ளி விட்டபின் வாசிப்பு வகுப்பு நடத்தச் செய்தார்கள். வந்த பிள்ளைகள் சிலரே. எனினும் வந்தவர்கள் முன்னேறினார்கள். ஓர் எழுத்தும் அறியாதிருந்தவர் எழுத்துக்களை அடையாளங் கண்டனர். குழு வேண்டாம் என்பதன்று இதன் பொருள். யாரேனும் ஒருவர் பிள்ளையின் அருகில் அமர்ந்து வாசிக்கக் கேட்டாலன்றிக் கூட்டத்தின் தீர்மானம் ஏட்டோடு நின்றுவிடும்.

கேட்பதற்கோ எழுத்தறிவு அவசியமில்லை. இளம் பிள்ளைகள் முதற் பாடத்தைப் படத்தைப் பார்த்தே கடகடவென்று ஒப்பித்துவிடும். பெற்றோர் அதனை வாசிப்பு என்று நம்பி மகிழ்வர். படத்தைக் கையால் மறைத்து, பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து, “இஃது என்ன?” என்று கேட்டால் உண்மை வெளிப்படும். மளிகை கட்டிவந்த பத்திரிகைத் துண்டு, பேருந்தின் பெயர்ப் பலகை, பஞ்சாங்கம் யாவும் இதற்கு உதவும். பிரதம் என்னும் ஸ்தாபனத்தின் துணையோடு 2005 முதல் கிராமங்களில் வீட்டிற்கே வந்து நடத்தப்படும் ‘அசர்’ கணக்கெடுப்பிலும் எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்னும் நான்கு படிகளையே சோதிக்கிறார்கள். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று அறிவதே முதல் வேலை.

தமிழில் இடறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றே. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மயங்கும். ல, ள, ழ மயங்கும். இவை பழக்கத்தில் தெளியும். இதனினும் கவலைக்குரியது, எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்கும் பிள்ளை வாக்கியத்தின் முடிவுக்கு வருமுன் அதன் தொடக்கத்தை மறந்துவிடுவது. ஒரே சிறு பத்தியைப் பாட்டிக்கு மும்முறை வாசித்துக் காட்டி, “கதை என்ன?” என்று அவர் கேட்பதற்கு விடை சொல்லச் செய்வது இதற்குத் தகுந்த வழி. பாட்டி சொல்லும் கதையும் விடுகதையுங்கூடப் படிப்பில் சேர்ந்தனவே. செவியில் விழுந்து பழகிய சொல்லைக் கண்ணால் வாசிப்பது எளிது.

கணக்கிற்குச் சங்கமே பாடசாலை. காலை 4 லிட்டர், மாலை 3 லிட்டர் பால் ஊற்றும் வீட்டில், லிட்டர் 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பத்து நாளைக்கு 2,450 ரூபாய். மாட்டுத் தீவனத்திற்கு 850 ரூபாய் பிடித்தால் கைக்கு வருவது 1,600. இதனைப் பிள்ளை போட்டுப் பார்த்து, சங்கத்தின் சீட்டோடு ஒத்துப் பார்க்கட்டும். 12,000 ரூபாய் நகைக் கடனுக்கு வருஷம் 100க்கு 9 வீதம் எட்டு மாத வட்டி 720 என்பதை மேல் வகுப்புப் பிள்ளை கண்டுபிடிக்கலாம். விடை தவறினால் தலையில் குட்டுவதில் பயனில்லை; “எப்படிப் போட்டாய்?” என்று கேட்டால், தவறிய இடத்தைப் பெரும்பாலும் பிள்ளையே கண்டுகொள்ளும்.

நடவு, அறுவடைக் காலங்களில் பிள்ளையை வயலுக்கு அழைப்பதும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணை வீட்டில் நிறுத்துவதும் இன்னும் முற்றும் ஒழியவில்லை. ஒரு வாரந்தானே என்பர். கணக்கு ஏணியைப் போன்றது. வகுத்தல் தெரியாதவனுக்குப் பின்னம் விளங்காது. பின்னம் விளங்காதவனுக்குச் சதவீதம் விளங்காது. நான்காம் வகுப்பில் தவறிய ஒரு வாரம் ஏழாம் வகுப்பில் வந்து வழிமறிக்கும். பின்னர்ப் “பெண்ணுக்குப் படிப்பு ஏறவில்லை” என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். படிப்பு ஏறாமைக்குக் காரணம் அப்பெண் அன்று.

உபாத்தியாயரைக் காணச் செல்பவர் “பையன் நன்றாகப் படிக்கிறானா?” என்று கேட்டால் “பரவாயில்லை” என்ற விடையே கிட்டும். எந்தப் பாடத்தைத் தானே வாசிக்கிறான், எந்தக் கணக்கில் தடுமாறுகிறான், இம்மாதம் எத்தனை நாள் வரவில்லை, வீட்டில் செய்ய வேண்டுவது யாது என்று கேட்டல் வேண்டும். பரீட்சை முடிந்த பின்னர் அன்று, பள்ளி திறந்த இரண்டு மூன்று மாதத்திற்குள்ளேயே கேட்டல் வேண்டும்.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததனால் நேர்ந்த குறையைப் போக்கத் தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கப்பெற்ற ‘இல்லம் தேடிக் கல்வி’யில், உள்ளூர்த் தன்னார்வலர் மாலையில் வகுப்பு நடத்தினார்கள். அதுபோன்றதொரு வகுப்பைச் சங்கமும் தன் கட்டடத்தில் நடத்தலாம். மாலை வேலை முடிந்தபின் அவ்விடம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது. படித்த வாலிபர் ஒருவர், ஒரு விளக்கு, பழைய பாடப் புத்தகங்கள் சில இருந்தால் போதும். பிள்ளைகளை வகுப்புப்படி அன்றி வாசிக்கும் திறப்படி உட்கார வைக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்பாரோடு உட்கார நாணுமாயின், சிறுவர்க்குத் துணையாக இருக்க வேண்டும் என்று சொல்லி அமர்த்திக்கொள்ளலாம்.