ஃபுளோரைடைக் கண்டால் திறக்கும் ஆர்என்ஏ

மொரப்பூர் வட்டாரத்தில் ஒரு போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுதியா இல்லையா என்பதை நாக்கு சொல்லாது. பாறையிலிருந்து கரைந்து வரும் அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ஆண்டுக்கணக்கில் குடித்த பிறகு பல்லில் காவிக்கறையாகவும், அளவு மிஞ்சினால் எலும்பு இறுக்கமாகவும்தான் வெளிப்படும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் இந்தத் தொல்லைக்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரித் தண்ணீர் வந்த பிறகு சோதனை எதற்கு என்று கேட்கலாம். குழாய் வறண்ட நாளில் குடம் போவது போர்வெல்லுக்குத்தான். எது ஆகும், எது ஆகாது என்பதை ஒவ்வொரு கிணற்றிலும் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்ப்பதற்கான கருவி பாக்டீரியாவுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கும் ஃபுளோரைடு நஞ்சு. மிகும்போது அதை வெளியேற்றும் புரதத்தைச் செய்துகொள்கிறது. எப்போது செய்வது என்று தீர்மானிப்பது ஓர் ஆர்என்ஏ துண்டு என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் ரொனால்டு பிரேக்கர் குழு 2012இல் அறிவித்தது. மரபணுவைப் படியெடுக்கும்போது முதலில் வெளிவரும் இத்துண்டு கொண்டை ஊசிபோல் மடிந்தால் படியெடுப்பு அங்கேயே அறுந்துவிடும். ஃபுளோரைடு வந்து அமர்ந்தால் அந்த மடிப்பு விழாது, வேலை தொடரும். ஆர்என்ஏவும் ஃபுளோரைடும் எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்க வேண்டியவை. மூன்று மக்னீசியம் அயனிகள் நடுவில் நின்று இரண்டையும் சேர்த்து வைக்கின்றன. அந்தப் பிடிக்குள் குளோரைடு நுழைய முடியாது. உப்புத் தண்ணீரைச் சோதிக்க வேண்டியவர்களுக்கு இந்தப் பிடிவாதம்தான் முக்கியம் என்பேன்.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜூலியஸ் லக்ஸ் குழு ஸ்விட்ச்போல் இயங்கும் இந்த ஆர்என்ஏ துண்டை, மஞ்சள் நிறம் உண்டாக்கும் நொதியின் மரபணுவோடு இணைத்தது. செல்லை உடைத்தெடுத்த சாற்றில் அதைச் சேர்த்து, உறையவைத்து உலர்த்தி, கோஸ்டாரிகாவில் சோதித்த முடிவை 2020இல் வெளியிட்டது. சோதிக்க வேண்டிய தண்ணீரை விட்டால் போதும்; ஃபுளோரைடு மிகுதியென்றால் மஞ்சளாகும். மரபணு மாற்றிய கிருமியை ஊருக்குள் விடுவதா என்று அஞ்ச வேண்டாம், அதில் உயிருள்ள செல்லே கிடையாது. வலுவான மறுப்பு வேறு. ஆய்வக மின்முனை துல்லியமான எண்ணைச் சொல்கிறது. இது உண்டு, இல்லை என்பதோடு சரி. அதுவும் முதல் வடிவம் லிட்டருக்கு 2 மில்லிகிராம் எல்லைக்கானது. இந்தியத் தரமோ 1 மில்லிகிராம், மாற்று நீர் இல்லாவிட்டால் 1.5. பாக்டீரியா தன் உயிருக்கு வைத்த எல்லை நம் பல்லுக்குப் பொருந்த வேண்டியதில்லை. அதை இறக்குவதுதான் பொறியாளர் வேலை. பின்னர் கென்யாவின் நகுருவில் 1.5 எல்லைக்குச் சோதித்தபோது பெரும்பாலான மாதிரிகளில் விடை சரி, எல்லாவற்றிலும் அல்ல. ஆகவே இது ஆய்வகத்துக்கு மாற்றாகாது. எந்தக் கிணற்றுத் தண்ணீரை ஆய்வகத்துக்கு முதலில் அனுப்புவது என்று பிரித்துக்காட்ட உதவும். ஆய்வக முடிவு வரும்வரை ஒன்றை மறக்க வேண்டாம்: காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடவே செய்யும்.