மாய வீதியிலே மோட்டார் வண்டி

பண்ணைக் கடலை ஊடறுத்துச் செல்லும் வீதியால் யாழ்ப்பாணத்திலிருந்து வேலணைக்குப் போகும் சாரதியின் கண்ணும் கையும் எத்தனை காரியங்களைச் செய்கின்றன என்பதை அவரே அறியார். இரு மருங்கும் நீர், சோளகம் வீசும் மாதங்களில் பக்கக் காற்று, எதிரே துவிச்சக்கரவண்டி, அப்பால் நடுவீதியிலே கட்டாக்காலி மாடு. மாடு எழுமா, எழாதா என்பதை அதன் தலையசைவைக் கொண்டே அவர் அறிந்துவிடுகிறார். சாரதியின்றி ஓடும் வண்டியை ஆக்க முயல்வோர் இவ்வறிவைத்தான் இயந்திரத்துக்கு ஊட்ட வேண்டியிருக்கிறது. ஊட்டிய அறிவு போதுமானதா என்பதை எவ்வாறு சோதிப்பது?

வீதியிலே ஓட்டிப் பார்க்கலாமே எனின், அதற்கு ஆயுள் போதாது. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தார் 2016ஆம் ஆண்டில் ஒரு கணக்கிட்டனர். மரண விபத்தைப் பொறுத்தவரை மனித சாரதியிலும் இயந்திரம் தாழ்ந்ததன்று எனத் துணிந்து கூற, ஓர் உயிரும் போகாமல் அது 27.5 கோடி மைல் ஓடியிருத்தல் வேண்டும். 100 வண்டிகள் மணிக்கு 25 மைல் வேகத்தில் இரவு பகல் ஓயாது ஓடினாலும் பன்னிரண்டரை ஆண்டுகள் செல்லும்!

ஆகவே கணனிக்குள்ளே ஒரு மெய்நிகர் உலகைப் படைத்தனர். அங்கே வண்டியின் மூளை மெய். அது காணும் காட்சி மட்டுமே பொய். கமராவுக்கும், ஒளிக்கதிரால் தூரம் அளக்கும் கருவிக்கும் எட்டவேண்டிய செய்திகளைக் கணனியே ஆக்கி அளிக்கிறது. மூளை பிரேக் பிடிக்கச் சொன்னால், மாய வண்டி எங்கே நிற்கும் எனக் கணித்து அடுத்த காட்சியைக் காட்டுகிறது. செக்கனுக்குப் பல தடவை இது நிகழும். பந்தின் பின்னே ஓடிவரும் பிள்ளையை மழையிலும் இருளிலும் ஆயிரந் தடவை வீதிக்குக் கொண்டுவரலாம், மோதினாலும் காயமில்லை. கூகிளின் முயற்சியாகத் தொடங்கிய வேமோ, 2016இல் இவ்வாறு ஓட்டிய மாய மைல்கள் 250 கோடி.

ஆனால் படைத்தவர் நினையாத பொருள் அவ்வுலகில் இராது. இதுவே இம்முறையின் பெருங்குறை. சுவீடன் நாட்டு மான்களைக் கண்டு பழகிய வொல்வோ வண்டியின் கருவி, ஆஸ்திரேலியாவிலே கங்காரு துள்ளி மேலெழுந்தபோது அது தொலைவில் நிற்பதாக மயங்கியது. நெடுந்தீவின் கட்டற்ற குதிரைகளைக் கண்டால் என்ன எண்ணுமோ!

இது வேடிக்கையன்று. 2018 மார்ச் 18ஆம் நாள் இரவு, அரிசோனாவின் டெம்பி நகரில், துவிச்சக்கரவண்டியை உருட்டிக்கொண்டு வீதியைக் கடந்த ஒரு பெண், ஊபர் நிறுவனத்தின் சோதனை வண்டி மோதி இறந்தார். கடவையல்லாத இடத்திலே மனிதர் குறுக்கிடுவர் என்ற எண்ணத்துக்கு அவ்வியந்திரத்தின் அமைப்பில் இடமே இருக்கவில்லை என விசாரணையில் வெளியாயிற்று. புங்குடுதீவிலே கடவை தேடிச் சென்று வீதியைக் கடப்பவர் எவர்?

இக்குறையை நீக்க முற்பட்டோரும் உளர். ஐதராபாத்திலுள்ள சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தார், அந்நகரிலும் பெங்களூரிலும் எடுத்த ஏறத்தாழ 10,000 வீதிப் படங்களில் ஆட்டோவையும் விலங்கையும் தனித்தனி இனங்களாகக் குறித்து வெளியிட்டனர். 2017இல் வெளிவந்த ‘கார்லா’ என்னும் மாய உலகமோ இலவசமானது. எவரும் தம் ஊர் வீதியை அதில் அமைக்கலாம்.

தீவகத்தை அமைக்கப் புகுவோர்க்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. ஊர்காவற்றுறையில் வீதி கடலோடு முடிந்து, அக்கரையிலே காரைநகரில் மறுபடி தொடங்குகிறது. இடையில் வண்டியைக் கொண்டுசெல்லும் மிதவைக்கு ஊரார் இட்ட பெயர் ‘பாதை’.