கடைமடைக்கு எட்ட வேண்டிய எச்சரிக்கை

முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற தூத்துக்குடிக் கரையில் வாழ்வோர், கடலிலிருந்து வரும் ஆபத்தைத் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைக் கொண்டே அறிந்துகொள்வர். புயல் தொலைவில் இருக்கிறதா, துறைமுகத்தை நெருங்குகிறதா, படகைக் கரையேற்ற வேண்டுமா என்பதை அந்த எண்ணைக் கேட்டதும் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அதே ஊர்களுக்கு மேற்கே, தாமிரபரணியிலிருந்தும் அதன் குளங்களிலிருந்தும் வரும் வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல அத்தகைய பொதுவான அடையாளம் எதுவும் வேரூன்றவில்லை என்பதை 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்கள் மிகுந்த துயரத்துடன் உணர்த்தின.

அப்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டரும், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் மழை பெய்தது. தாமிரபரணியில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் நீர் புரண்டோடியது. ஏரல் முற்றிலும் துண்டிக்கப்பட்டது. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளில் பல நூறு பேர் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் இரண்டு நாட்கள் சிக்கிக் கிடந்தனர். மலையடிவாரத்தில் உள்ள பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் உறுதியாக நின்றன. உடைந்தவை சமவெளியின் குளக்கரைகள். அவற்றுள் கோரம்பள்ளம் குளத்தின் கரை உடைந்ததால் தூத்துக்குடி நகரின் புறப்பகுதிகளும் திருநெல்வேலி நெடுஞ்சாலையும் நீரில் மூழ்கின.

அணை உடைவதை எதிர்கொள்ளும் ஏற்பாட்டுக்கு அவசரகாலச் செயல்திட்டம் என்று பெயர். அணை எந்த வகையில் உடையக்கூடும், உடைந்தால் எவ்வளவு நீர் எத்தனை மணி நேரத்தில் எந்த ஊரை எந்த ஆழத்தில் அடையும் என்பதைக் கணக்கிட்டு வரையும் வெள்ளப்பரவல் வரைபடமே அதன் அடிப்படை. எந்த நிலையில் யார் யாருக்குத் தகவல் தர வேண்டும், எந்த வழியாக மக்களை வெளியேற்ற வேண்டும் என்பவை அதன்மேல் எழுதப்படுகின்றன. 2021 டிசம்பர் 30இல் நடைமுறைக்கு வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம், ஏற்கெனவே உள்ள அணைகளுக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் இத்திட்டத்தை உருவாக்க வேண்டும் என்று அவற்றின் உரிமையாளர்களைக் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் அச்சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையிலானவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும் மட்டுமே தன் வரம்புக்குள் கொண்டுவருவதால், தாமிரபரணிக் கடைமடையை மூழ்கடித்த தாழ்வான குளக்கரைகள் அதற்கு வெளியே நிற்கின்றன. இது சிறிய இடைவெளி அன்று. ஒரு குளம் நிறைந்து மறுகால் பாயும் நீர் அடுத்த குளத்துக்குச் செல்லும் தொடரமைப்பில், மேற்குளத்தின் கரை உடைந்தால் அந்நீர் முழுவதும் கீழ்க்குளத்தின் கரையைத் தாக்கும். ஆகவே கரைகள் தாழ்ந்தவை என்பதால் ஆபத்தும் தாழ்ந்தது என்று கருத இடமில்லை. குளம் என்றே அழைக்கப்படும் நீர்த்தேக்கம் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்ட நிகழ்வு அண்டை நாட்டிலேயே உண்டு. 1986 ஏப்ரலில் திருகோணமலை மாவட்டத்தின் கந்தளாய்க் குளம் அவ்வாறு உடைந்தது.

உயிரிழப்பின் அளவை, நீரின் அளவைக் காட்டிலும் எச்சரிக்கை கிடைத்த நேரமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. 1976 ஜூனில் அமெரிக்காவின் டீட்டன் அணை பகல் வேளையில் உடைந்தபோது, கசிவைக் கண்ட பணியாளர்கள் உடைப்புக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகவே தகவல் தந்துவிட்டதால், பல ஊர்களை வெள்ளம் வாரிச் சென்றபோதும் 11 பேர் மட்டுமே இறந்தனர். 1979 ஆகஸ்ட் 11இல் குஜராத்தின் மச்சு 2ஆம் அணை உடைந்தபோதோ, தகவல் தொடர்பு அறுந்துபோனதால் மோர்பி நகரத்துக்கு எச்சரிக்கை எட்டவில்லை, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1977இல் தமிழ்நாட்டின் குடகனாறு அணையில் மின்சாரம் நின்றதால் மதகுகளை முழுமையாக உயர்த்த இயலாமல் போயிற்று. நீர் கரையை மேவி அதை உடைத்தது. பேரிடர் வரும்போது மின்சாரமும் தொலைபேசியும் முதலில் செயலிழக்கும் என்பதை எந்தத் திட்டமும் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டாக வேண்டும். 2023இலும் தாமிரபரணிக் கரையின் பல ஊர்களில் கைபேசித் தொடர்பு அறுந்தது. கைபேசிக்கு நேரடியாக எச்சரிக்கை அனுப்பும் புதிய முறையும் கோபுரம் இயங்கும் வரையில்தான் பயன்படும்.

துறைமுகக் கூண்டு முறையில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. அதில் உள்ள 11ஆம் எண், வானிலை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது என்பதையும், மோசமான வானிலைக்கு வாய்ப்பு இருப்பதாக உள்ளூர் அலுவலர் கருதுகிறார் என்பதையும் அறிவிப்பது. தகவல் வராததையே ஆபத்தாகக் கொள்ளும் இவ்விதியை ஆற்றுப்படுகைக்கும் பொருத்த முடியும்: குறிப்பிட்ட அளவுக்கு மேல் மழை பெய்து, மேற்குளத்திலிருந்தோ அணைக்கட்டிலிருந்தோ குறித்த நேரத்தில் செய்தி வராவிட்டால், மேலிட உத்தரவுக்குக் காத்திராமல் ஊரை மேட்டுக்கு நகர்த்தும் அதிகாரம் கிராம நிர்வாக அலுவலருக்கு இருக்க வேண்டும்.

வைகை அணையில் 66 அடி, 68.5 அடி, 69 அடி என மூன்று கட்டங்களாக வெள்ள அபாய எச்சரிக்கை விடுக்கப்படுவது மதுரை மாவட்டம் வரை அறியப்பட்ட வழக்கம். இது பாராட்டத்தக்கது, எனினும் அணையின் நீர்மட்டத்தைச் சொல்லும் அறிவிப்பு, தன் தெருவுக்கு எவ்வளவு நீர் எப்போது வரும் என்ற கேள்விக்கு விடை தருவதில்லை. கரையோரத்தில் குடியிருப்பவருக்கு அடி, கன அடிக் கணக்கை விட, எந்தக் கோயில் வாசல் வரை நீர் ஏறும், எந்தப் பாலம் முதலில் மூழ்கும், எந்தப் பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது என்பவையே தேவை. அவற்றை வெள்ளப்பரவல் வரைபடத்திலிருந்து எடுத்து, ஊருக்கு ஊர் சுவரில் எழுதி, ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒத்திகை பார்ப்பது பெரும் செலவு பிடிக்கும் வேலையன்று. குளக்கரையில் கசிவையும் அரிப்பையும் முதலில் காண்பவர் மடை திறந்து அடைக்கும் நீர்க்கட்டியாகவே இருப்பார் என்பதால், அவர் யாரிடம் சொல்ல வேண்டும், சொன்னவுடன் யார் செயல்பட வேண்டும் என்பதும் அத்திட்டத்தில் பெயர் சுட்டி எழுதப்பட வேண்டும். சட்டம் பெரிய அணைகளுக்குத் தந்த ஐந்து ஆண்டுக் கெடு 2026 டிசம்பரில் முடிகிறது. கோரம்பள்ளம் போன்ற குளங்களுக்கு அத்தகைய கெடு எதுவும் அச்சட்டத்தில் இல்லை.