பூங்காப் பாதைகளில் நடப்போரையும் மிதிவண்டியோரையும் பிரித்தல்

நடப்போரும் மிதிவண்டி ஓட்டுவோரும் ஒன்றாகப் பயன்படுத்தும் பாதை பகிர்வுப் பாதை எனப்படும். பூங்காக்களிலும் ஆற்றோரங்களிலும் இது மிகுதியாகக் காணப்படுகிறது. இதிலுள்ள முதன்மைச் சிக்கல் வேக வேறுபாடு ஆகும்.

வேக வேறுபாடு

சராசரி மனிதர் மணிக்கு ஏறத்தாழ 5 கி.மீ. வேகத்தில் நடக்கிறார், அதாவது நொடிக்கு 1.4 மீட்டர். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வரும் மிதிவண்டி நொடிக்கு 7 மீட்டர் கடக்கும். பின்னால் வரும் மிதிவண்டியின் ஓசை பெரும்பாலும் கேட்பதில்லை. எனவே திடீரெனப் பக்கவாட்டில் திரும்பும் குழந்தைகளும், விரைந்து விலக இயலாத முதியோரும் எளிதில் விபத்துக்கு உள்ளாகின்றனர்.

சிங்கப்பூர் நடைமுறை

தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரில், 1990களின் தொடக்கத்திலிருந்து பூங்காக்களை இணைக்கும் ‘பூங்கா இணைப்புப் பாதைகள்’ அமைக்கப்பட்டு வருகின்றன. இவற்றில் வேக வரம்பு மணிக்கு 25 கி.மீ. ஆகும். நடைபாதைகளுக்கான வரம்பு 2019 பிப்ரவரியில் 15 கி.மீ.யிலிருந்து 10 கி.மீ.யாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 5 முதல் மின்ஸ்கூட்டர்கள் நடைபாதைகளில் செல்லத் தடை விதிக்கப்பட்டது.

இடவசதியுள்ள ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நடப்பதற்கும் மிதிவண்டிக்கும் தனித்தனித் தடங்கள் உள்ளன. மேலும், மிதிவண்டிப் பாதையை ஒட்டியுள்ள நடைபாதைகளை நடப்போருக்கு மட்டும் உரியவையாக்கும் விதி 2025 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அவற்றில் மிதிவண்டி ஓட்டுவது குற்றமாகும். ஆனால் மிதிவண்டிப் பாதையில் நடப்பது குற்றமாக்கப்படவில்லை. விரைந்து செல்பவருக்கே பொறுப்பு கூடுதல் என்பது இவ்விதியின் அடிப்படை.

அகலத்தின் பங்கு

தரையில் கோடு போடுவது மட்டும் போதாது. நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம் வேண்டும் என்பது இந்தியச் சாலைகளுக்கான வழிகாட்டு நெறி. 3 மீட்டர் அகலமுள்ள பூங்காப் பாதையில் இதை ஒதுக்கினால், 1.2 மீட்டரே எஞ்சும். எதிரெதிரே இரண்டு மிதிவண்டிகள் செல்ல அது போதாது. ஒருவர் கோட்டைத் தாண்டியே ஆகவேண்டும். ஆகவே குறுகிய பாதைகளில் வேகத்தைக் குறைப்பதோ, மிதிவண்டியிலிருந்து இறங்கித் தள்ளிச் செல்லச் செய்வதோ பொருத்தமாகும். அகலமான பாதைகளில் புல்வரிசை, உயர வேறுபாடு, மாறுபட்ட தளப்பரப்பு ஆகியவற்றால் பிரிக்கலாம். தளப்பரப்பின் மாற்றத்தைக் கோலால் உணர முடிவதால், பார்வையற்றோருக்கும் இது உதவுகிறது.